'மெக்' என்றால் மகன்: பெயருக்கு யார் சொந்தக்காரர்?

உங்கள் அடையாளக் கார்டை எடுத்து ஒரு முறை பாருங்கள். உங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று போட்டிருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். நாளைக்கே ஒரு பெரிய கம்பெனி வந்து, "ஏ/எல் என்பது எங்கள் முத்திரை, இனி வேறு யாரும் போடக்கூடாது" என்று வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். ஆனால் ஏறக்குறைய அப்படி ஒரு வழக்கு நம் நாட்டில் எட்டு ஆண்டுகள் நடந்தது. மாட்டிக்கொண்டது ஒரு தமிழர் உணவகம்!

ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் பெயர்களுக்கு முன்னால் வரும் 'மெக்' என்ற சொல்லுக்கும் 'மகன்' என்றுதான் பொருள். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். அந்த நாட்டு மக்களுக்கு அது நம் ஏ/எல் மாதிரி. அந்த 'மெக்' ஒரு அமெரிக்க உணவு நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமா என்பதுதான் நம் நீதிமன்றங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்த கேள்வி.

கதை பலருக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். "மெக்டொனால்ட்ஸ் தோற்றது, நம்ம ஆள் ஜெயித்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏன் ஜெயித்தார், அதற்கு எத்தனை ஆண்டு ஆனது, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999இல் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 'மெக்கறி' என்ற உணவகம் திறக்கப்பட்டது. (பெயரில்தான் ஈப்போ. சாலை இருப்பது தலைநகரில். வடக்கே நம் ஊரை நோக்கிப் போன பழைய சாலை என்பதால் அந்தப் பெயர். ஈப்போ என்ற பெயரை யார் யாரோ எங்கெங்கோ வைத்துக்கொள்கிறார்கள், நாம் யாரும் வழக்குப் போடவில்லை!) அங்கே கிடைத்தது நம் ஊர் உணவு. 'மலேசியன் சிக்கன் கறி' என்பதைத்தான் சுருக்கி மெக்கறி ஆக்கினோம் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

2001இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. "எங்கள் பெயரின் மதிப்பை இவர்கள் தங்கள் கடைக்கு இழுத்துக்கொள்கிறார்கள்" என்பது அவர்கள் வாதம். சட்டத்தில் இது 'பாசிங் ஆஃப்'. ஒருவன் தன் சரக்கை இன்னொருவனின் சரக்கு என்று மக்களை நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் பழைய ஆங்கிலேயச் சட்டம். 2006இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் நம்மில் எத்தனை பேர் 'சரி, முடிந்தது' என்று நினைத்திருப்போம்! எதிரில் இருப்பது உலகம் முழுதும் கிளை வைத்திருக்கும் நிறுவனம். இந்தப் பக்கம் ஒரே ஒரு கடை. ஆனால் கடைக்காரர்கள் விடவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது.

மேல்முறையீட்டு நீதிபதிகள் 'மெக்' என்ற எழுத்துகளை மட்டும் பிய்த்து எடுத்துப் பார்க்கவில்லை. கடையை முழுசாகப் பார்த்தார்கள். பெயர்ப் பலகை எப்படி இருக்கிறது? சிவப்புப் பின்னணி, அதில் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டும் ஒரு கோழி. மெக்டொனால்ட்ஸின் தங்க நிற வளைந்த 'எம்' அங்கே இல்லை. சாப்பாடு என்ன? ஒரு பக்கம் பர்கர், இன்னொரு பக்கம் கறி. வருகிற ஆட்கள் யார்? மீன் தலைக் கறி சாப்பிட வந்தவர் பர்கர் கடை என்று நினைத்து உள்ளே நுழைந்துவிட்டாரா? யாரும் ஏமாறவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

மெக்டொனால்ட்ஸ் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்டது. 2009 செப்டம்பர் 8ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அனுமதி மறுத்தது. 10,000 வெள்ளி செலவுத் தொகை கட்டும்படியும் உத்தரவிட்டது. கதை முடிந்தது.

முடிந்தது என்று எழுதுவது சுலபம். 2001இலிருந்து 2009 வரை எட்டு ஆண்டுகள்! வழக்குத் தொடுத்தபோது ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது இடைநிலைப்பள்ளியில் இருக்கும். அத்தனை ஆண்டும் வழக்கறிஞர் செலவு, அலைச்சல், "கடையை நாளைக்கு மூடச் சொல்லிவிடுவார்களோ" என்ற கவலை. கடைசியில் கிடைத்தது 10,000 வெள்ளி. அது எத்தனை நாள் வழக்கறிஞர் கட்டணத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாத கடைக்காரன் என்ன செய்வான்? முதல் கடிதம் வந்த மறுநாளே பெயரை அழித்துவிடுவான். அப்படி அழித்தவர்களின் கதை பத்திரிகையில் வராது. அவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

"நம்மிடம் கடையும் இல்லை, கம்பெனியும் இல்லை. இந்தச் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பேராவில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. பால் வெட்டு நின்று வெகுநாள் ஆகிவிட்டது. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் வீடமைப்புத் திட்டத்துக்கு மண் வெட்டிப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த லயத்து வீடுகளில் சில குடும்பங்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அங்கே இருந்த பெண்கள் சேர்ந்து ஒரு வெள்ளைத் துணியில் பேனர் எழுதினார்கள். மேலே கம்பெனியின் சின்னத்தை ஒரு பையன் அச்சாக வரைந்தான். நல்ல கை! சின்னத்துக்குக் கீழே ஒரு கண்ணீர்த் துளி. அதற்கும் கீழே, "மூன்று தலைமுறை உழைப்புக்கு முப்பது நாள் நோட்டீஸ்" என்று எழுதினார்கள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். நம்ம ஆள்தான், தமிழிலேயே பேசினார். "அம்மா, என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஆனா கம்பெனி சாப்பைப் போடக்கூடாது. அது டிரேட்மார்க். ரிஜிஸ்தர் பண்ணினது. அனுமதி இல்லாமப் போட்டா கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க." அவ்வளவுதான். கம்பெனி கேட்டிருந்தால் ஒருவேளை இவர்கள் எதிர்த்துப் பேசியிருப்பார்கள். ஆனால் 'டிரேட்மார்க்' என்ற சொல் வந்ததும் வாயடைத்துப் போனார்கள். துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அங்கே நின்றிருந்த எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வர்த்தக முத்திரை என்பது என்ன? நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கடைக்குப் போய், "அந்த யானைச் சாப்பு குடுப்பா, கோழி மார்க் குடுப்பா" என்று கேட்டு வாங்கி வருவார். போன தடவை வாங்கிய அதே சரக்கு இந்தத் தடவையும் கிடைக்க வேண்டும். வேறொருவன் மட்டமான சரக்கை அதே படத்தை ஒட்டி விற்றால் பாட்டி ஏமாந்துபோவார். அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம். இது நல்ல சட்டம். ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை. போலி மருந்தும் போலி பால் மாவும் முதலில் வந்து சேர்வது நம் கையில்தானே? இதை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். நம்மவர்களுக்குள்ளேயும் இதற்குச் சண்டை உண்டு. 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டி பிரியாணியின் பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். இந்தச் சட்டம் காப்பாற்றுவது பாட்டியை, அவர் நம்பிக்கையை. கம்பெனியை யாரும் பெயர் சொல்லிப் பேசக்கூடாது, கேலி செய்யக்கூடாது, குறை சொல்லக்கூடாது என்று காப்பாற்றுவதற்கு வந்த சட்டமில்லை இது. லயத்து வாசலில் தொங்கிய அந்தப் பேனரைப் பார்த்து, "ஓ, இது கம்பெனி விற்கும் துணி போலிருக்கிறது" என்று எந்த மனிதர் ஏமாறுவார்? மெக்கறி வழக்கில் நீதிபதிகள் பார்த்ததும் இதைத்தானே?

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டம் பல காலம் இருந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் 27இல் நடப்புக்கு வந்தது. பதிவு செய்த முத்திரையை வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்துவதும், செய்திக்காகவும் செய்தி விமர்சனத்துக்காகவும் பயன்படுத்துவதும் மீறல் ஆகாது என்று புதிய சட்டம் சொல்கிறது. பேனர் எழுதிய பெண்கள் எதையும் விற்கவில்லை. ஆகவே வந்த ஆள் சொன்னது பெரும்பாலும் வெறும் பூச்சாண்டி.

'பெரும்பாலும்' என்று ஏன் இழுக்கிறேன்? ஓட்டை இருக்கிறது, அதனால்தான். அதே பேனர் படத்தை டி-சட்டையில் அடித்து, வழக்குச் செலவுக்காகப் பத்து வெள்ளிக்கு விற்றால்? அப்போது வணிகம் வந்துவிடுகிறது. நம் பதிப்புரிமைச் சட்டம், அதாவது 1987ஆம் ஆண்டுச் சட்டம், கேலிக்காகவும் நையாண்டிக்காகவும் ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம் என்று வாய்விட்டே சொல்கிறது. வர்த்தக முத்திரைச் சட்டத்தில் கேலிக்கென்று அப்படி ஒரு வரி இல்லை. ஒரே சின்னத்தை ஓவியமாகப் பார்த்தால் கேலி செய்யலாம், முத்திரையாகப் பார்த்தால் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்! இது சரியா?

"பேச்சுரிமை இருக்கிறதே, அரசியல் சாசனம் 10ஆவது பிரிவு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அரசியல் சாசன உரிமைகள் அரசாங்கத்திடமிருந்து குடிமக்களைக் காப்பதற்கு, ஒரு தனியார் இன்னொரு தனியாரின் உரிமையை மீறுவது அதற்குள் வராது என்றது. கர்ப்பமானதால் வேலை போன பெண் அவர். அவருக்கே அந்தக் கதவு திறக்கவில்லை. கம்பெனி உங்கள் மேல் வழக்குப் போடும்போது 10ஆவது பிரிவைத் தூக்கிக் காட்டினால், "அது அரசாங்கத்துக்கு எதிராக, எங்களுக்கு எதிராக இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடத்தான் செய்யும்.

வேறு நாட்டு நீதிமன்றங்கள் இப்படி ஒதுங்கிக்கொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நம் தோட்டத்து ஆட்கள் கேட்டால் துள்ளிக் குதிப்பார்கள். அங்கே 'கார்லிங் பிளாக் லேபல்' என்று ஒரு பீர். 'லாஃப் இட் ஆஃப்' என்ற சின்ன நிறுவனம் அந்த லேபலை அப்படியே கேலி செய்து டி-சட்டை அடித்தது. 'பிளாக் லேபல்' இருந்த இடத்தில் 'பிளாக் லேபர்', அதாவது கறுப்பர் உழைப்பு. பக்கத்தில் 'வெள்ளையர் குற்ற உணர்வு'. 1652 முதல் ஆப்பிரிக்காவில் நடக்கும் சுரண்டல் என்று ஒரு வரி. 1652 என்பது டச்சுக்காரர்கள் அங்கே வந்து இறங்கிய ஆண்டு. பீர் நிறுவனம் வழக்குப் போட்டது. கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் கேலி செய்தவர்கள் தோற்றார்கள். 2005 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்களை ஜெயிக்க வைத்தது. "உங்கள் பீர் விற்பனை இதனால் குறைந்தது என்று காட்டுங்கள் பார்ப்போம்" என்றது. அவர்களால் காட்ட முடியவில்லை. சட்டைகளை விற்றிருந்தார்கள், அதில் பணம் வாங்கியிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். இருந்தும் பேச்சுரிமை நின்றது.

உழைத்தவனின் தோல் நிறத்தையும் விற்கிற சரக்கின் லேபலையும் ஒரே சட்டையில் சேர்த்துக் காட்டிய அந்த மூளை யாருடையதோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. நம் கதையும் அதுதானே? 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று பால் வெட்டின! அந்தப் பாலில் செய்த டயருக்கும் காலணிக்கும் உலகம் முழுதும் பெயர், முத்திரை, பதிவு எல்லாம் உண்டு. வெட்டிய கைக்கு எந்தப் பெயரும் எந்த லேபலிலும் இல்லை. அந்த லேபலைக் காட்டி நம் கதையைச் சொல்லவும் கூடாது என்றால் எப்படி?

இந்தியாவிலும் ஒரு வழக்கு. ஒடிசாவில் தாம்ரா துறைமுகம் கட்டியபோது ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் அமைப்பு 2010இல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. அதில் ஆமையைத் துரத்துவது டாட்டாவின் சின்னம்! டாட்டா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு, விளையாட்டுக்கும் தடை கேட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஒரு நிறுவனத்தின் செயலை விமர்சிக்க அதன் சின்னத்தைப் பயன்படுத்துவதை அப்படிச் சட்டென்று அடக்கிவிட முடியாது என்பதே அதன் போக்கு. நம் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்புகளை நம் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம். நம் நீதிபதிகள் அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் படிப்பார்கள்.

உலகம் முழுக்க ஒரே திசையில் போகிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டிலைக் கேலி செய்து ஒரு நிறுவனம் நாய்ப் பொம்மை விற்றது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விஸ்கி நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. கேலியையே உன் சரக்கின் முத்திரையாக வைத்துக்கொண்டால் அதற்குத் தனிச் சலுகை கிடையாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிய வருத்தமில்லை. நாய்ப் பொம்மை விற்பவன் வேறு, நோட்டீஸ் வாங்கிய லயத்துப் பெண் வேறு.

விஸ்கி என்றதும் நம் பேரா கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 2021 அக்டோபரில் 'தீமா' என்ற மலேசிய விஸ்கியின் பெயர் பெரிய விவகாரம் ஆனது நினைவிருக்கிறதா? தீமா என்றால் மலாயில் ஈயம். பாட்டிலில் இருந்த தாடிக்காரர் கேப்டன் ஸ்பீடி. 1870களில் நம் லாரூட் ஈயச் சுரங்கப் பகுதியில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர். ஆனால் அந்தப் பெயர் ஃபாத்திமா என்ற புனிதப் பெயரைப் போல ஒலிக்கிறது என்று ஒரு தரப்பு கொதித்தது. பெயரை மாற்றச் சொன்னார்கள். நாடாளுமன்றம் வரை பேசினார்கள். கடைசியில் நவம்பரில், பெயர் இருக்கட்டும், லேபலில் விளக்கம் எழுதுங்கள் என்று முடிந்தது.

நான் அந்தச் சரக்குக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடியால் நம் தோட்டங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த விவகாரத்தில் ஒன்று தெரிந்தது. முத்திரைச் சட்டத்தில் ஒரு பெயர் அருவருப்பானதா, பிறர் மனதைப் புண்படுத்துவதா, நாட்டு நலனுக்குக் கேடானதா என்று பார்த்துப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் அரசிடம் உண்டு. யார் மனம் புண்பட்டால் பெயர் போகும்? கூட்டமாகக் கத்துகிறவர் மனமா? சிறுபான்மையினர் மனம் புண்பட்டால் அதே வேகத்தில் அமைச்சர்கள் கூடிப் பேசுவார்களா? அமெரிக்காவில் ஆசிய இளைஞர்களின் இசைக்குழு ஒன்று, தங்கள் இனத்தை இழிவாகச் சொல்லும் சொல்லையே குழுவின் பெயராக வைத்தது. பதிவகம் மறுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டது. நம்மைத் திட்டும் அந்தப் பழைய சொல்லை நம் பிள்ளைகள் சட்டையில் போட்டுக்கொண்டால் எனக்குப் பிடிக்குமா? பிடிக்காது. ஆனால் அதைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம், ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பதிவாளர் இல்லை.

சரி, கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம்.

ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். முறுக்கு, கடலை, பக்கோடா என்று நாடு முழுதும் போகிறது. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி 'கச்சாங் பூத்தே' என்ற சொல்லைத் தன் முத்திரையாகப் பதிந்துகொள்ள முடியுமா? முடியாது என்பதுதான் சட்டம். சரக்கின் பொதுப்பெயரையும், வெறும் ஊர்ப்பெயரையும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்கக்கூடாது. 1999இல் ஈப்போவில் தொடங்கிய ஓல்ட் டவுன் ஒயிட் காப்பி நிறுவனம் 2018இல் வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அவர்களின் முழுப்பெயர் அவர்களுக்குச் சொந்தம்தான். ஆனால் ஈப்போ என்ற ஊரும் ஒயிட் காப்பி என்ற பானமும் எந்தக் கைக்கும் போகவில்லை. உங்கள் அங்காடிக் கடையில் 'ஈப்போ ஒயிட் காப்பி இங்கே கிடைக்கும்' என்று எழுதலாம். அவர்கள் எழுத்து வடிவத்தையும் படத்தையும் காப்பியடிக்காமல் எழுதுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. "எஸ்எஸ்எம்மில் பெயர் பதிந்துவிட்டேன், இனி பெயர் என்னுடையது" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது வியாபாரப் பதிவு மட்டும். முத்திரைப் பதிவு மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாகச் செய்ய வேண்டும். சரக்கும் சேவையும் 45 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, வகைக்கு வகை கட்டணம். 2019 விதிமுறைப்படி ஒரு வகைக்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி ஆகும். பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அம்மாவின் பெயரில் சாம்பார் தூள் விற்கிறீர்கள், நாலு ஊருக்குப் போகிறது என்றால் அந்தப் பணத்தைச் செலவு செய்யுங்கள். நம் பெயரை வேறொருவன் பதிந்துகொண்டு நமக்கே கடிதம் அனுப்பும் கூத்து நடக்கக்கூடாது.

வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டதா? அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பயத்தில் "மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கடிதத்தில் நாள் குறித்திருப்பார்கள், ஏழு நாள், பதினான்கு நாள் என்று. அது அவர்கள் குறித்த நாள், நீதிமன்றம் குறித்ததில்லை. அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போடவும் வேண்டாம். விவரம் தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள். ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால் மிரட்டியவர் மேலேயே வழக்குப் போட 2019 சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லா வகை மிரட்டலுக்கும் அது பொருந்தாது, அதைக் கடிதத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

பேனர் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முத்திரைச் சட்டம் விட்டாலும் அவதூறுச் சட்டம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மெக்டொனால்ட்ஸ் மலேசியா, புறக்கணிப்புப் பிரச்சாரம் செய்த பிடிஎஸ் மலேசியா அமைப்பின் மேல் 60 லட்சம் வெள்ளி கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மீட்டுக்கொண்டது. அரசாங்கத்தைக் கேலி செய்தாலும் ஆபத்துதான். பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்த ஃபாஹ்மி ரேசாவுக்கு 2018 பிப்ரவரியில் நம் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் சிறை போனது, அபராதம் 10,000 ஆனது. ஆகவே எழுதுவதில் பொய் இருக்கக்கூடாது. எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு வேலை, எல்லாவற்றுக்கும் கையில் காகிதம் இருக்கட்டும். சின்னத்தின் கீழே கண்ணீர்த் துளி வரைவது கருத்து. 'திருடன்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு, நிரூபிக்கச் சொல்வார்கள்.

பத்து காஜா பக்கம் கெல்லி காசலுக்குப் போயிருக்கிறீர்களா? பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்தபோது தொழிலாளர்கள் கேட்டு, துரை கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையில் ஒரு துரை நிற்கிறார். அது அவர்தான் என்று சொல்வார்கள். யாரிடம் அனுமதி வாங்கி வைத்தார்கள்? துரைக்கு நன்றி சொல்ல அவர் உருவத்தை வைக்கலாம் என்றால், துரையின் கம்பெனியைக் கேள்வி கேட்கவும் அதன் சின்னத்தை வைக்கலாம்தானே?

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா துணியை மடிச்சிருக்க மாட்டோமே தம்பி" என்றார். அதற்குள் பாதிக் குடும்பம் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

பெயர்ப் பலகைக்கோ, பேனருக்கோ, சட்டைக்கோ, துண்டு அறிக்கைக்கோ 'டிரேட்மார்க்' என்று சொல்லி உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதா? யாராவது வீட்டு வாசலில் வந்து வாயால் மிரட்டினார்களா? கடிதத்தின் நகலை இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னதென்றால் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம்.